மழை சாரும் ‘யாரும்மா நீ’ விளையாட்டும்

அவருக்குப் பள்ளிக்கூடத்தில் மழை சார் என்று பெயர். வைத்தவர்கள் பால்பல் கூட விழாத பிள்ளைகள். அதனால் அதை மாற்றுகிற தைரியம் யாருக்கும் வரவில்லை. பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்று கூப்பிடும் தலைமை ஆசிரியையே ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில், “அடுத்து நம்ம மழை சார் பேசுவார்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பெயரைக் கேட்டால் அவருக்கு உள்ளே இனிக்கும். பள்ளி விட்டு வீட்டுக்கு நடக்கும்போது அந்த இனிப்பு பாதி வழி வரைக்கும் கூடவே வரும். தன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் எங்கேயோ இறங்கிப் போய்விடும்.

அதற்குமுன் அவர் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். இளைஞனாய்ச் சேர்ந்தவர், தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தார். யாருக்கு ஒரு பிரஷ் வேண்டுமென்றாலும் அவருடைய கவுன்டருக்கு முன்னால் வந்து நின்று, “அண்ணே, கொஞ்சம் பார்த்துக் குடுங்க” என்று கெஞ்ச வேண்டும். தொழிற்சாலை மூடியபோது அந்த ‘அண்ணே’யும் போயிற்று. இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்தார். மனைவி மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் இருந்து வீட்டை ஓட்டினாள். கடைசியில் இந்தப் பாலர் பள்ளியில் வேன் வேலை கிடைத்தது. ஓட்டுகிற வேலை இல்லை. பிள்ளைகளைத் தூக்கி ஏற்றி, தூக்கி இறக்கி, தூங்கி விழுகிற தலைகளைத் தாங்கிப் பிடிக்கிற வேலை.

வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருந்த சமயம், ஒரு மத்தியானம் மழை கொட்டியது. மைதானத்துக்குப் போக முடியாமல் பிள்ளைகள் வகுப்பறையையே தலைகீழாக்கிக்கொண்டிருந்தார்கள். “கொஞ்ச நேரம் பார்த்துக்கோங்க” என்று பெரிய டீச்சர் அவரை உள்ளே தள்ளிவிட்டுப் போனார். அவருக்குப் பாட்டும் தெரியாது, கதையும் தெரியாது. கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்தார். ஒரு எவர்சில்வர் தம்ளர், காலி பிஸ்கட் டப்பா, வாளி மூடி, ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அவற்றைத் தாழ்வாரத்தின் விளிம்பில், ஓட்டிலிருந்து தண்ணீர் வடிகிற இடத்தில் வரிசையாக வைத்தார்.

“எது முதல்ல நிறையும்? யாரும் பேசக் கூடாது. காதால கேட்டுச் சொல்லணும்.”

டிங், டொக், தப் என்று ஆளுக்கொரு சத்தம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குந்தி உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதுமென்று நினைத்திருந்தார். வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் வேனில் ஏறும்போதே, “மழை சார், இன்னைக்கும் வைப்பீங்களா?” என்று ஆரம்பித்துவிட்டார்கள். விடுப்பில் போன டீச்சர் திரும்பி வரவில்லை. இவர் வேனிலிருந்து வகுப்புக்கு ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் காற்றுக்கும் வெயிலுக்கும் தினமும் வேலை இருந்தது. சன்னல் கம்பியில் காகித வால்கள் கட்டியிருக்கும். அவை எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று பார்த்துக் காற்று யார் வீட்டுப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு கைக்குட்டைகளை நனைத்து ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் போடுவார்கள். எது முதலில் காய்கிறது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடிப்போய்க் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார்கள். ஈர ஸ்பாஞ்சைக் கையில் கொடுத்து, “இதுதான் மேகம். இன்னும் தண்ணி குடிக்குமா?” என்பார். சொட்டுச் சொட்டாக ஊற்றுவார்கள். தாங்க முடியாமல் அது ஒழுக ஆரம்பிக்கும்போது ஒரே கூச்சல். ஐஸ் கட்டியைக் கொடுத்து, உருகாமல் ஒளித்து வை என்று சொன்ன நாளில் ஒருத்தன் அதை அம்மாவுக்கென்று பைக்குள் போட்டுக்கொண்டுபோய், எல்லாவற்றையும் நனைத்து, வீட்டில் அடி வாங்கினான். முற்றத்தில் காலையில் ஒவ்வொருவரின் நிழலையும் சாக்பீஸால் வரைவார். உச்சி வேளையில் அதே இடத்தில் நிற்க வைத்தால் நிழல் கோட்டுக்குள்ளே சுருங்கிக் கிடக்கும். “என் நிழலை யாரோ வெட்டிட்டாங்க” என்று ஒரு பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது.

மூலையில் முட்டைக்கண்ணு என்ற துணிப்பொம்மை இருந்தது. தினமும் வானத்தைப் பார்த்து அதற்கு உடுத்த வேண்டும். கம்பளிச் சட்டையா, மழைக்கோட்டா, வெறும் பனியனா என்று பெரிய வழக்கே நடக்கும். தீர்ப்புக்கு முன்னால் ஒருவர் வெளியே போய்ச் சேதி கொண்டுவர வேண்டும். போ, தொட்டுப் பார், வந்து சொல். அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தின் சாரம் அவ்வளவுதான்.

அந்தச் சேதி சொல்லும் வேலை பட்டாணியுடையது. உருண்டைக் கண்ணும் உருண்டை முகமுமாக இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். பள்ளியில் சேர்ந்து பல மாதம் அவள் வாயே திறக்கவில்லை. வீட்டில் பேசுவாள் என்று அம்மா சத்தியம் செய்தாள். ஒரு நாள் அவர் அவளைத் தூக்கிச் சன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டச் செய்தார். உள்ளே இழுத்த கையை அவள் சட்டையில் துடைத்தாள். அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, “ஈரம்” என்றாள். அன்றிலிருந்து சன்னல் அவளுடையது.

இப்படிப்பட்ட மனிதர், வீட்டில் நாலு பேர் முன்னால் யாராவது வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். காரணம் மச்சான். மனைவியின் தம்பி, வண்டி உதிரி பாகக் கடை வைத்திருப்பவன், கெட்டவன் இல்லை, வாய் மட்டும் நீளம். வீட்டுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம், “என்ன மாமா, இந்த வாரம் எத்தனை மூக்கு துடைச்சீங்க?” என்பான். இன்னொரு நாள், “மாமாவுக்கு உத்தியோக உயர்வு. இனிமே ஜட்டி மாட்டி விடுற பொறுப்பும் அவருக்குத்தான்” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். காது மட்டும் சூடாகிவிடும்.

மகள் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னாள். பையனின் அப்பா கட்டட காண்டிராக்டர். கட்டைக் குரல், கை குலுக்கினால் விரல் வலிக்கும். முதன்முதலாக வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் சாய்ந்தபடி, “சம்பந்தி என்ன பண்றீங்க?” என்று கேட்டார்.

மழை சார் தண்ணீர் குடிக்க எழுந்தார். தட்டோடு வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். மூலையில் உட்கார்ந்து வாயைத் திறக்கத் தயாராக இருந்த தம்பியையும் பார்த்தாள்.

“இவரு வானிலை சம்பந்தமான வேலைங்க” என்றாள்.

பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. காண்டிராக்டர் துள்ளி நிமிர்ந்தார்.

“அடடே! எனக்கு வேண்டிய ஆளே நீங்கதாங்க! தளம் போடுற அன்னைக்கெல்லாம் வானத்தைப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்குது எனக்கு. ஆபீஸ்ல எந்தப் பிரிவு?”

“மழை,” என்றார் மழை சார். அந்த ஒரு சொல்லை அவரே சொன்னார். மனைவி மேல் பழிபோட அதற்குப் பிறகு இடமில்லை.

அந்த வாரமே ஃபோன் வந்தது. “சம்பந்தி, நாளைக்குக் கான்கிரீட் போடலாமா?” அவர் கைபேசியில் வானிலையைப் பார்த்தார், மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தார். போடலாம் என்று சொல்லி மழை வந்து தளம் கெட்டால் கல்யாணமே கெட்டதுபோல. “எதுக்கும் ஒரு நாள் தள்ளிப் போடுங்க” என்றார். மறுநாள் வெயில் பளீரென்று அடித்தது. “மேகம் கடைசி நேரத்துல விலகிடுச்சு” என்று சமாளித்தார். அடுத்த தடவையும் அதே பதில், அதற்கடுத்த தடவையும். மழை வராவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவர் நினைப்பு. காண்டிராக்டரோ, “நம்ம சம்பந்தி ரொம்ப ஜாக்கிரதையான ஆளு” என்று ஊரெல்லாம் பெருமையடித்தார்.

கல்யாணத்துக்குத் துணி எடுக்க இரண்டு குடும்பமும் சேர்ந்து கடைக்குப் போனார்கள். வெளியே பலமான காற்று. கடைக்காரர் காண்டிராக்டருக்குப் பழக்கம். துணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் காண்டிராக்டர் மழை சாரின் தோளில் கைபோட்டு, “இவரு யாரு தெரியுமில்ல? வானிலைத் துறையில பெரிய அதிகாரி. எனக்குச் சம்பந்தி” என்றார். எப்போது அதிகாரி ஆனோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“மழை சார்!”

கடையே திரும்பிப் பார்க்கும்படியான குரல். பட்டாணி. வகுப்பில் அவர் காதருகே மட்டும் பேசுகிறவள், கவுன்டர்களுக்கு நடுவே ஓடிவந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தலையை அண்ணாந்து, மூச்சு வாங்க, கொண்டுவந்த சேதியைச் சொன்னாள்.

“மழை சார், வெளிய காத்து! என் குடை திரும்பிக்கிச்சு!”

“யாரு சம்பந்தி, தெரிஞ்ச பிள்ளையா?” என்றார் காண்டிராக்டர்.

அவர் குனிந்தார். தன் முழங்காலிலிருந்து அந்தக் கைகளை விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்.

“யாரும்மா நீ? ஆளு மாறிடுச்சு போல. அம்மா எங்க?”

பட்டாணி அவரையே பார்த்தாள். அழவில்லை. நெற்றியைச் சுருக்கி, கைக்குட்டை காய்ந்ததா இல்லையா என்று பார்க்கிற அதே பார்வை. அதற்குள் அவளுடைய அம்மா பையோடு ஓடிவந்தாள். “வணக்கம் சா…” என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. பிள்ளையின் கையைப் பிடித்து, “வா, அது சார் இல்ல” என்று கூட்டிக்கொண்டு போனாள்.

காண்டிராக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “மழைன்னு கூப்பிடுது பாருங்க! உங்க மூஞ்சியிலயே துறை பேரு எழுதி ஒட்டியிருக்கு போல!”

கடைக்காரரும் சிரித்தார். மழை சாரும் சிரித்தார். மனைவி ஏற்கெனவே மடித்து வைத்த துணியை உதறி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். மகள் சற்றுத் தள்ளிக் கண்ணாடி முன் நின்றிருந்தாள். கண்ணாடியில் அவள் கண் தன்மீது இருப்பதை அவர் பார்த்தார்; உடனே துணியின் விலை என்ன என்று கடைக்காரரிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.

வழியெல்லாம் முழங்காலில் அந்தப் பிடி இருந்துகொண்டே இருந்தது.

மறுநாள் அவள் வரமாட்டாள், அல்லது அழுவாள் என்று பயந்துகொண்டே போனார். அவள் வழக்கம்போல வந்தாள், செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள், சன்னலுக்குப் போனாள்.

“வெளிய என்ன சேதி பட்டாணி?” என்று கேட்டார்.

கையை நீட்டினாள், இழுத்தாள். “காய்ஞ்சிருக்கு.”

முட்டைக்கண்ணுக்குப் பனியன் மாட்டினார்கள். அவருக்கு உயிர் வந்தது. சின்னப் பிள்ளைதானே, மறந்திருக்கும் என்று நினைத்தார். அந்த நினைப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை. ஸ்பாஞ்சுக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் பாயில் பேச்சுக் கேட்டது. பட்டாணிதான். அவள் மற்றப் பிள்ளைகளிடம் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை.

“சார் உள்ள இருந்தா நம்மளத் தெரியும். வெளிய போனா தெரியாது.”

“பொய்யி.”

“நான் போய்த் தொட்டுப் பார்த்தேன்.”

“என்னையும் தெரியாதா?”

“யாரையும் தெரியாது.”

அந்தப் பையன் யோசித்தான். “மழை பெஞ்சா தெரியுமா?”

இப்போது பட்டாணி யோசித்தாள். “மழை பெஞ்சாத் தெரியலாம். நேத்து காத்துதான் அடிச்சுது.”

யாரும் வருத்தப்படவில்லை. ஐஸ் உருகும், நிழல் சுருங்கும், வெளியே போனால் சாருக்கு நம்மைத் தெரியாது. அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவர் கையிலிருந்த கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் அது விளையாட்டாகிவிட்டது. ஒருவர் சார், மற்றவர்கள் சுவரோரத்திலிருந்து “மழை சார்!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். சார், “யாரும்மா நீ? ஆளு மாறிடுச்சு போல” என்று விரல் விரலாகப் பிரித்துவிட வேண்டும். பிரிக்க முடியாதபடி பிடித்துக்கொள்கிறவர்களுக்கு ஜெயம். முதல் சார் பட்டாணி. அவருடைய குனிவு, அவருடைய குரலில் இருந்த அந்த அசட்டு மரியாதை, அம்மா எங்கே என்று தேடுவதுபோல் கண்ணை மேயவிட்டது, ஒன்றையும் விடாமல் செய்தாள்.

தாழ்வாரத்தில் அவர் பக்கத்தில் வந்து நின்ற பெரிய டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்ன விளையாட்டு சார் இது? அப்படியே பெரிய மனுஷன் மாதிரியே கையைத் தட்டி விடுறாளே! யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டா?”

“தெரியலைங்க டீச்சர்” என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது, ஒரே நாள் இடைவெளியில் இது இரண்டாவது ‘தெரியாது’ என்று. பள்ளி விட்டபின் கழிவறைக்குள் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். மூக்கு துடைக்கிறவன் என்று மச்சான் சொன்னால் சுடுகிற காது வேறு. இது நெஞ்சுக்குழியில் எரிந்தது. தன்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் அதில் கொடுமையாக இருந்தது. பிள்ளைகள் அவரைக் கேலி செய்யவில்லை. அவர் சொல்லிக் கொடுத்ததைச் செய்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பாப்பா உங்க கிளாஸ்தானேப்பா?”

“ம்.”

“எனக்கு அப்பவே தெரியும்.”

“உனக்காகத்தாம்மா… அவங்க என்ன நினைப்பாங்களோன்னு…”

“எனக்காகன்னு சொல்லாதீங்க.” அவள் கோபப்படவில்லை, களைத்துப் போனவள் மாதிரி சொன்னாள். “எங்கப்பா என்ன வேலை பார்க்குறாருன்னு நான் கட்டிக்கப் போறவர்கிட்டப் பழகின புதுசுலயே சொல்லிட்டேன். அந்த நிழலை வெட்டிட்டாங்கன்னு அழுத பிள்ளை கதையெல்லாம் அவருக்குத் தெரியும். நீங்க துறை, பிரிவுன்னு எங்கேயோ போயிட்டீங்க. நாங்க ரெண்டு பேரும் எப்படி நிறுத்துறதுன்னு தெரியாம வாயை மூடிக்கிட்டு இருக்கோம்.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி அங்கிருந்தே, “நான்தான் ஆரம்பிச்சேன்” என்றாள்.

“நீ சொன்னதுல பொய் இல்ல,” என்றார் அவர். “மழைன்னு சொன்னது நான்.”

அந்த நேரம் பார்த்து ஃபோன். காண்டிராக்டர். “சம்பந்தி, கம்பி கட்டி ரெடியா இருக்கு. நாளைக்குத் தளம் போடலாமா?”

“நான் காலைல நேர்லயே வந்து சொல்றேங்க” என்றார்.

கட்டடத்துக்கு அவர் போனபோது வேலையாட்கள் மணல் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கலவை இயந்திரம் கழுவி நின்றது. காண்டிராக்டர் வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தார். “பாருங்கடா, ஆபீஸே நேர்ல வந்திருக்கு!”

“தனியாக் கொஞ்சம் பேசணுங்க.”

“இங்க என்ன தனி, சொல்லுங்க.”

சொன்னார். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. துறையில் இல்லை, பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு மழை, வெயில், காற்று என்று விளையாட்டுக் காட்டிச் சொல்லித் தருகிறேன், கடையில் வந்தது என் வகுப்புப் பிள்ளைதான் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னார். காண்டிராக்டரின் பல் மெல்ல மறைந்தது. சம்பந்தி என்ற உறவே இந்த இடத்தில் அறுந்துவிடும் என்று அவர் எதிர்பார்த்தார்.

காண்டிராக்டர் பாலர் பள்ளி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணல் குவியலைக் காட்டினார்.

“நீங்க வேணாம்னு சொன்ன நாளெல்லாம் இவங்களைத் திருப்பி அனுப்பினேன். வேலை இல்லாத நாள் இவங்களுக்குக் கூலி கிடையாது. அது தெரியுமா உங்களுக்கு?”

அவர் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. மழை வராவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மாடியில் நின்று நினைத்தது ஞாபகம் வந்தது. இந்த முகங்கள் ஒன்றுகூட அப்போது அவர் கண்ணில் படவில்லை.

தலைத்துணியைக் கையில் வைத்திருந்த ஒரு பெண், பேச்சு நீள்வதைப் பார்த்து, “என்னங்க, இன்னைக்கு வேலை உண்டா இல்லையா?” என்று கேட்டாள்.

காண்டிராக்டர் அவர் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க வாத்தியாரே. உண்டா இல்லையா?”

“எனக்குத் தெரியாதுங்க” என்றார் மழை சார்.

காண்டிராக்டர் ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தார், பிறகு கையைத் தட்டினார். ஆட்கள் எழுந்தார்கள். இயந்திரம் ஓட ஆரம்பித்தது. “கல்யாணம் பிள்ளைங்களோட விஷயம், அது நடக்கும்” என்றார் சத்தத்துக்கு மேலாக. “உங்க பேச்சை நான் இனிமே எந்த விஷயத்துல நம்புறதுன்னு எனக்குத்தான் யோசனையா இருக்கு.” சொல்லிவிட்டு அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார். சட்டி ஏந்தி வந்தவர்களுக்கு வழிவிடத் தெரியாமல் அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுங்கி ஒதுங்கி வெளியே வந்தார். மத்தியானம் லேசாகத் தூறியது. தார்ப்பாய் போட்டு மூடினார்கள், தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மகள் மூலம் பிறகு தெரிந்தது.

பள்ளிக்குத் தாமதமாகப் போனார். முட்டைக்கண்ணு உடுத்தாமல் கிடந்தது. பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்து, தானும் கீழே உட்கார்ந்தார்.

“அன்னைக்குக் கடையில பட்டாணி என்னைக் கூப்பிட்டா. எனக்கு அவளைத் தெரியும். நல்லாத் தெரியும். தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன்.”

“ஏன்?” என்றாள் பட்டாணி.

“வெட்கமா இருந்துச்சு.”

“சட்டை போட்டிருந்தீங்களே.”

பின்னாலிருந்து ஒரு பையன், “ஜிப்பு போடலையா சார்?” என்று கேட்டான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒரு ஆம்பளை இந்த வேலை பார்ப்பது பற்றி, மச்சானைப் பற்றி, மரியாதை பற்றி அவர்களுக்கு எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தாலும், ‘உங்களோட இருக்கிறதுக்கு வெட்கப்பட்டேன்’ என்பதுதான் அதற்கு அர்த்தமாக வந்தது. அதை அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

“சார் தப்புப் பண்ணிட்டேன் பட்டாணி. எங்க பார்த்தாலும் எனக்கு உன்னைத் தெரியும்.”

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தொட்டுப் பார்க்காத எதையும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது அவர்தானே. எழுந்து சன்னலுக்குப் போனாள்.

பெரிய டீச்சரிடமும் நடந்ததைச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. “பிள்ளையோட அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க” என்றார். போனார். அந்த அம்மா வாசலில் நிற்க வைத்தே கேட்டுக்கொண்டாள். “எங்களுக்கென்ன சார், உங்களுக்கு ஆயிரம் இருக்கும். ஆனா அவ வீட்டுக்கு வந்து, ‘நான் சத்தமாப் பேசினதுனாலதான் சாருக்குத் தெரியலையா’ன்னு கேட்டா” என்றாள். அதற்கு மேல் அங்கே அவரால் நிற்க முடியவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்டதற்காக விளையாட்டு நின்றுவிடவில்லை. நன்றாக இருந்த விளையாட்டை ஏன் நிறுத்த வேண்டும்? பல வாரம் முற்றத்தில் “யாரும்மா நீ?” கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் எங்கே நின்றாலும் முதுகு கூசியது. நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு காற்றாடிக் காலம் வந்தது, விளையாட்டு தானாக மாறியது.

கல்யாணம் நடந்தது. காண்டிராக்டர் எல்லோர் முன்னாலும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் ஒருமுறையும் சம்பந்தி என்று கூப்பிடவில்லை, வாத்தியார் என்றார். மழை பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் பந்தலில் யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்ற, மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து மனிதர் ஒருவர், “நீங்க எங்க வேலையா இருக்கீங்க?” என்று கேட்டார்.

அவர் காது சூடாயிற்று. “பாலர் பள்ளியில. சின்னப் பிள்ளைங்களுக்கு வாத்தியார்.”

“அப்படிங்களா,” என்றார் அந்த மனிதர். எட்டி முன்னால் பார்த்தார். “வரிசை நகரவே மாட்டேங்குதே.”

அவ்வளவுதான். அந்த மனிதர் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். இந்த ஒரு ‘அப்படிங்களா’வுக்குப் பயந்தா இத்தனையும் என்று மழை சார் வெறும் தட்டோடு நின்றார். பின்னால் இருந்தவர், “கொஞ்சம் நகருங்க” என்று சொல்ல வேண்டியிருந்தது.